பதினோராவது பாடம்

2009ஆம் ஆண்டில் மலேசியத் தமிழர்களாகிய நாம் எல்லாரும் இலக்கியக் காவலர்களாக இருந்தோம். அடுத்த ஆண்டு முதல் எஸ்.பி.எம். தேர்வில் ஒரு மாணவர் 10 பாடங்களுக்கு மேல் எழுத முடியாது என்று கல்வியமைச்சு அறிவித்தது. அறிவியல் பிரிவுப் பிள்ளை தமிழ்மொழியை எடுத்தால் தமிழ் இலக்கியத்துக்கு இடமில்லை. வேறு ஏதாவது ஒரு பாடம் சேர்ந்துகொண்டால் தமிழ்மொழிக்கே இடமில்லை. பதறிப்போனோம். மகஜர் கொடுத்தோம், கூட்டம் போட்டோம், நாளிதழ்களுக்குக் கடிதம் எழுதினோம். கல்யாணப் பந்தியிலும் கோயில் திருவிழாவிலும் அதே பேச்சுதான். கடைசியில் பத்தோடு இரண்டு சேர்த்து 12 பாடங்கள் வரை எழுதலாம் என்று முடிவானது. வென்றுவிட்டோம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனோம்.

அந்த நிம்மதியில்தான் எல்லாம் கெட்டது. ஒவ்வோர் ஆண்டும் படிவம் நான்கு தொடங்கும் வேளையில் பிள்ளைகள் பாடத் தேர்வுப் பாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறிக் கல்வி. இவை எப்படியும் இருக்கும். இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம். டாக்டராக வேண்டுமென்றால் இவை வேண்டும். தமிழ்மொழி, சரி, எடுக்கட்டும், நாலு பேர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். அடுத்து, தமிழ் இலக்கியம். "இது வேணுமாப்பா?" என்று பிள்ளை கேட்டது. "வேணாம்லா, இப்பவே பத்து இருக்கு. ஏ கொறஞ்சிறப் போவுது" என்றோம். ஊரைக் கூட்டி வாதாடி வாங்கிய இடத்தை அரை நிமிடத்தில் விட்டுக்கொடுத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டோம்.

யாரும் நம் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அரசாங்கத்தைக் குறை சொல்ல நமக்கு வழியே இல்லை என்பதுதான் நம்மைச் சங்கடப்படுத்துகிறது. குறை சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டால் நமக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. இங்கே அப்படி யாரும் கிடைக்கவில்லை. பாடம் இருந்தது, பாடத்திட்டம் இருந்தது, தேர்வுத் தாள் அச்சாகி வந்தது. எழுத வேண்டிய பிள்ளையை மட்டும் நாம் அனுப்பவில்லை. இலக்கியம் சமுதாயத்துக்கு வேண்டும், நம் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம். நாம் ஒவ்வொருவரும் அப்படி நினைத்தோம். சமுதாயம் என்பது பக்கத்து வீடு என்று எல்லாரும் எண்ணிக்கொண்டால், பிள்ளையை எந்த வீடுதான் அனுப்பும்?

இந்த மனப்போக்கு ஒரே நாளில் வந்ததில்லை. வரம்பு வருவதற்கு முன்பு எத்தனை பாடம் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்தது. 2004ஆம் ஆண்டுத் தேர்வில் 17 பாடங்கள் எழுதிய ஒரு மாணவி அத்தனையிலும் ஏ வாங்கினார். நாடே அவரைப் பற்றிப் பேசியது. நாமும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினோம். உன் மகளுக்கு எத்தனை, என் மகனுக்கு எத்தனை என்பதே அந்த நாளின் குசலம் விசாரிப்பு. அப்போதெல்லாம் இலக்கியம் எடு, எடு என்று பிள்ளைகளை முடுக்கினோம். இலக்கியத்தின் மேல் அப்படியென்ன ஆசை? ஒன்றுமில்லை, ஓர் ஏ கூடும். வரம்பு வந்த பிறகு வேண்டாம் என்றோம். ஓர் ஏ குறையுமோ என்ற பயம். எடுக்கச் சொன்ன காலத்திலும் விடச் சொன்ன காலத்திலும் நாம் பார்த்தது ஒரே ஓர் எழுத்தைத்தான். அதுவும் தமிழ் எழுத்து இல்லை.

எழுத்தைக் குறிவைத்துப் படிக்க வைத்ததால், எடுத்த பிள்ளைகளையும் நாம் இலக்கியத்துக்குள் விடவில்லை. தாளில் கவிதை, நாவல், நாடகம் என்று மூன்று இருக்கும். கவிதையில் மையக்கரு என்ன, துணைக்கரு என்ன, எதுகை எங்கே, மோனை எங்கே என்று கேட்பார்கள். நாவலில் கதைப்பின்னல், பின்னணி, பாத்திரப்படைப்பு. நல்ல கேள்விகள்தான், ஒரு நூலை ஊன்றிப் படித்தவன் சுவைத்து எழுதக்கூடியவை. நாமோ வழிகாட்டி நூலை வாங்கிக் கொடுத்தோம். அதில் எல்லாம் புள்ளி புள்ளியாகப் பிரித்துப் போட்டிருக்கும். கதைத்தலைவன் எப்படிப்பட்டவன்? அன்பானவன், பொறுப்பானவன், தியாக மனப்பான்மை உள்ளவன். அடுத்த நாவலின் தலைவி? அன்பானவள், பொறுப்பானவள், தியாக மனப்பான்மை உள்ளவள். நாடகத்தில் வரும் மன்னனுக்கும் அதே மூன்று. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதினார்கள், மதிப்பெண்ணும் வாங்கினார்கள். நாவலைக் கடைசிப் பக்கம் வரை புரட்டாமலே நாவலைப் பற்றி நான்கு பக்கம் எழுதுகிற வித்தையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்.

நம்மில் ஆசிரியர்களாக இருப்பவர்களும் தப்ப முடியாது. பல இடைநிலைப்பள்ளிகளில் இலக்கியத்துக்குக் கால அட்டவணையில் இடமிருப்பதில்லை. பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமையோதான் நடத்த வேண்டும். அதைச் சொல்லியே நம்மில் பலர் ஒதுங்கிக்கொண்டோம். "நாலு பேருக்காக ஒரு வகுப்பா?" என்று கேட்டோம். நடத்தியவர்களிலும் சிலர், ஒரு கவிதையை வாய்விட்டு ஒருமுறை முழுதாகப் படித்துக் காட்டுவதற்கு முன்பே நயங்களைப் பலகையில் எழுதிப் போட்டோம். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். கவிதை எப்படி இருந்தது என்று அவர்களைக் கேட்க நமக்குத் தோன்றவில்லை. நம்மை யாரும் அப்படிக் கேட்டதும் இல்லை.

ஆனால் ஒதுங்காதவர்களும் இருந்தார்கள். கோயில் மண்டபத்தின் ஒரு மூலையில், மடக்கு நாற்காலிகளைத் தாங்களே விரித்துப் போட்டு, சனிக்கிழமை காலையில் இலவசமாக வகுப்பு நடத்துகிற ஆசிரியர்களை நம் ஊர்களில் பலரும் பார்த்திருப்போம். பாதிக் கவிதையில் அர்ச்சனை மணி அடிக்கும். நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவார்கள். நகல் எடுத்த தாள்களுக்குக் கைக்காசு. வந்து போகிற பெட்ரோலுக்கும் கைக்காசு. பெற்றோராகிய நாம் என்ன செய்தோம்? காரை வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே பிள்ளையை இறக்கிவிட்டோம். வகுப்பு முடியும் நேரத்தில் வந்து ஹாரன் அடித்தோம். உள்ளே போய், "வணக்கம் டீச்சர், பிள்ளை எப்படிப் படிக்குது?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? கூடுதல் கணிதத்துக்குப் பிரத்தியேக வகுப்பு நடத்துபவரின் கைப்பேசி எண் நம் எல்லாரிடமும் இருந்தது. இந்த ஆசிரியரின் பெயர்கூடத் தெரியாது. காசு கொடுத்தால்தான் நமக்கு மரியாதை வரும் போலிருக்கிறது.

இலக்கியத்துக்கு முந்தைய படியான தமிழ்மொழி வகுப்பையே நாம் கைகழுவிய இடங்கள் உண்டு. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: ஒரு பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தாய்மொழி கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். பதினைந்தே கையெழுத்து. நூறு, இருநூறு இந்திய மாணவர்கள் படிக்கிற பள்ளியில் அது பெரிய காரியமா? கடிதத்தை ஒருவர் எழுதி, ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி இறங்க வேண்டும். அந்த ஒருவராக இருக்க நாம் முன்வரவில்லை. வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்தோம். கடிதம் நம் வாசலுக்கு வந்தபோதும் சிலர், "பையனுக்கு அந்த நேரத்துல பூப்பந்து இருக்கே" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தோம். பிறகு அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை என்று தெரிந்ததும், பார்த்தீர்களா அநியாயத்தை என்று புலனக் குழுவில் பொங்கினோம்.

இப்படி ஆவோம் என்று நமக்கு முன்னால் இருந்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்தியவியல் துறை அமைவதாக இருந்தபோது, அதில் எந்த மொழிக்கு முதலிடம் என்ற கேள்வி எழுந்தது. தமிழுக்கே இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி எழுதினார், பேசினார், 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகத்துக்கான நிதி அது. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர்களும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதிக்கப் போவதில்லை. தம் பேரப்பிள்ளை மிதிப்பான், அவன் அங்கே தமிழ் படிப்பான் என்று நம்பிக் கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியது. பிறகு கோலாலம்பூருக்கு வந்தது.

அந்தத் துறைக்கு 1961இல் பேராசிரியராக வந்தவர் தனிநாயகம் அடிகள். அவர் முன்னின்று நடத்திய முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966இல் கூடியது நம் கோலாலம்பூரில்தான். சென்னைக்கும் மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் முன்பு, தமிழ் ஆய்வுக்காக உலகம் கூடிய இடம் நம் ஊர். 1987இலும் 2015இலும் மறுபடி இங்கேயே மாநாடு நடத்தினோம். இந்தப் பெருமையை மேடைக்கு மேடை சொல்லி வருகிறோம், சொல்வதில் தவறில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளியின் காசில் வளர்ந்த அந்தத் துறைக்குப் போய்ப் படிக்க வேண்டிய பிள்ளைகள், பள்ளியில் இலக்கியம் எடுக்கிற பிள்ளைகளிலிருந்துதானே வர வேண்டும்? ஊற்றை நாமே அடைத்துவிட்டு, குளத்தில் தண்ணீர் இல்லையே என்று கரையில் நின்று மாநாடு நடத்துகிறோம்.

தமிழைச் செம்மொழி என்று இந்திய அரசு 2004இல் அறிவித்தபோது இங்கே நாமும் இனிப்பு வழங்கினோம். 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது இங்கிருந்து விமானம் ஏறிப் போய்க் கலந்துகொண்டோம். படம் எடுத்துக்கொண்டோம், பை கொடுத்தார்கள், பையையும் வாங்கி வந்தோம். எஸ்.பி.எம். பாட வரம்பு நடைமுறைக்கு வந்ததும் அதே 2010ஆம் ஆண்டில்தான். இலக்கியம் எடுக்கலாமா வேண்டாமா என்று நம் பிள்ளைகள் பாரத்தோடு நின்ற நேரத்தில், செம்மொழியைக் கொண்டாட நாம் கடல் தாண்டிப் போயிருந்தோம். கொண்டாடுவது சுலபம். ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழம்பாட்டைப் பிரித்துப் பொருள் சொல்வது சுலபமில்லை. சுலபமானதை எடுத்துக்கொண்டோம்.

பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று நாம் சொல்வதும் உண்மையில்லை. இந்த நாட்டில் தமிழ்க்கல்வி 1816இல் பினாங்கில் தொடங்கியது. இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை செய்யுளும் மொழியணியும் படிக்கிறார்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி, திருக்குறள் என்று படிப்படியாக ஏறுகிறார்கள். ஏழு வயதுக் குழந்தை கை கட்டி நின்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பதைப் பார்த்துப் பூரித்துப்போகிறோம். படம் எடுத்துப் பாட்டிக்கு அனுப்புகிறோம். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அந்தக் குழந்தையிடம் ஒரு குறளைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்பதில்லை. சின்ன வயதில் பொருள் முழுதாகப் புரியாமல் ஒப்பித்ததற்கெல்லாம் பொருள் விளங்கத் தொடங்குகிற வயது பதினாறு, பதினேழு. சரியாக அந்த வயதில், போதும் என்று சொல்லிவிடுகிறோம். ஆறு ஆண்டுகள் வாசலில் நிற்க வைத்துவிட்டு, வீட்டுக்குள் அழைக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

அவர்கள் இழந்தது என்ன என்று நாம் உட்கார்ந்து யோசித்ததில்லை. ஜப்பானியர் காலத்தில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை. வரலாற்றுப் பாடத்தில் அதற்கு எத்தனை வரி கிடைக்கும்? ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலும் அந்தக் காட்டுக்குள் நம்மைக் கூட்டிக்கொண்டு போகின்றன. அகிலன் தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு, நம் தோட்ட வாழ்க்கையை வைத்து 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். தாத்தா ஏன் இருட்டில் தனியாகப் போக மாட்டார், பாட்டி ஏன் ஒரு பருக்கைச் சோற்றைக்கூடக் கீழே விட மாட்டார் என்று ஒரு பிள்ளைக்குப் புரிய வைக்கிற ஆற்றல் இப்படிப்பட்ட நூல்களுக்கு உண்டு. பாடநூலாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், இலக்கிய வாசிப்புக்குப் பழகிய பிள்ளை என்றாவது ஒருநாள் இவற்றைத் தேடிப் போகும். பழகாத பிள்ளைக்கு இப்படி நூல்கள் இருப்பதே தெரியாது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

தெரியாமல் போனதில் எழுதுகிற நமக்கும் பங்குண்டு. நம் நூல் வெளியீடுகளை நினைத்துப் பாருங்கள். மண்டபம், பிரமுகர், மாலை, பொன்னாடை. முதல் நூலைப் பெறுகிறவர் உறையில் பணம் வைத்துக் கொடுக்கிறார். வரிசையாக வந்து மற்றவர்களும் பெற்றுக்கொள்கிறார்கள். பெற்றவரின் கார் பின்னிருக்கையில் அந்த நூல் எத்தனை மாதம் கிடக்கிறது என்று நமக்குத் தெரியும். நம் கார் பின்னிருக்கையிலும் மற்றவர்களின் நூல்கள் அப்படித்தானே கிடக்கின்றன. செலவு கைக்கு வந்ததும் நமக்குத் திருப்தி. அந்த நூலை எடுத்துக்கொண்டு பக்கத்து இடைநிலைப்பள்ளிக்குப் போய், தமிழ் படிக்கிற பத்துப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியவர்கள் நம்மில் குறைவு. வாசகர்கள் குறைந்துவிட்டார்கள் என்று கட்டுரை எழுதியவர்கள்தான் அதிகம். வாசகன் தேர்வு மண்டபத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தான். நாம் அங்கே போகவில்லை.

நேரமில்லை என்பது நம் கடைசிச் சாக்கு. பிள்ளைக்கு நேரமில்லையாம். திங்கள் வேதியியல், செவ்வாய் கூடுதல் கணிதம், வியாழன் ஆங்கிலம், ஞாயிறு நீச்சல் என்று அட்டவணை போட்டது யார்? நமக்கு நேரமில்லையாம். இரவு எட்டு மணித் தொடரைத் தவறவிடாத வீடு நம் வீடு. உண்மையைச் சொன்னால், இலக்கியம் எடுத்தால் பிள்ளை நம்மிடம் வந்து சந்தேகம் கேட்குமே என்ற பயமும் உள்ளுக்குள் இருந்தது. "அப்பா, இந்த வரிக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் நமக்குத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளக் கூச்சம். ஆகவே அது தேவையில்லாத பாடம், அதைப் படித்தால் வேலை கிடைக்காது என்று சொல்லிவிட்டோம். நம் கூச்சத்தை மறைக்கப் பிள்ளையின் எதிர்காலத்தைப் போர்வையாக்கிக்கொண்டோம்.

இதையெல்லாம் தலையில் அடித்துக்கொள்வதற்காக எழுதவில்லை. நம் மேல் நாம் கோபப்பட்டுப் பயனில்லை. நாம் கெட்டவர்களும் இல்லை. பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கணக்குப் போட்டோம். தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்களுக்கு ஒரு சான்றிதழ் என்ன செய்யும் என்பது தெரியும். அந்த ஓட்டத்தில் மூச்சு வாங்கியபோது கனமாகத் தெரிந்ததை இறக்கி வைத்தோம். திரும்பிப் பார்த்து எடுத்துக்கொள்ள மறந்ததுதான் நம் பிழை. மறந்ததை எடுக்க இன்னும் வழி இருக்கிறது. பாடம் இன்னும் பாரத்தில் இருக்கிறது. பதினைந்து பேர் சட்டமும் அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை ஆசிரியர்கள் எல்லாரும் ஓய்ந்துவிடவில்லை.

முதல் வேலையை வீட்டில்தான் தொடங்க வேண்டும். பிள்ளை இலக்கியம் எடுத்தால், அந்த ஆண்டின் நாவலை நாமும் ஒரு பிரதி வாங்கிப் படிப்போம். பிள்ளையைச் சோதிப்பதற்காக வேண்டாம், பேசுவதற்காகப் படிப்போம். காரில் பள்ளிக்குக் கூட்டிப் போகும்போது, "அந்தப் பொண்ணு செஞ்சது சரியா சொல்லு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அன்பானவள், பொறுப்பானவள் என்று பிள்ளை தொடங்கினால், "அது இருக்கட்டும்லா, உனக்கு அவளப் புடிச்சுதா?" என்று கேட்போம். அந்தக் கேள்விக்கு எந்த வழிகாட்டி நூலிலும் விடை இல்லை. பிள்ளை யோசிக்கும். செய்யுளில் ஒரு வரி நமக்கும் விளங்கவில்லையா? அகராதியைச் சேர்ந்தே புரட்டுவோம். தெரியாது என்று சொல்கிற அப்பாவைப் பிள்ளைகள் மதிக்காமல் போவதில்லை.

பள்ளிக்காக ஒரு கடிதம் எழுதுவோம். பதினைந்து கையெழுத்துக்கு ஒரு மாலைப் பொழுது போதும். சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் நாம், அடுத்த விழாவின் பொன்னாடைச் செலவில் கொஞ்சத்தை இலக்கிய மாணவர்களின் பாடநூல்களுக்கு ஒதுக்குவோம்; சனிக்கிழமை ஆசிரியரின் பெட்ரோலுக்கும் நகலுக்கும் கொடுப்போம். அவர் வேண்டாம் என்பார். வற்புறுத்திக் கொடுப்போம். காரை அணைத்துவிட்டு உள்ளே போய் இரண்டு நாற்காலியையாவது மடக்கி வைப்போம். ஆசிரியர்களாக இருக்கும் நாம், ஒவ்வொரு கவிதைக்கும் நயங்களை எழுதிப் போடுமுன் அதை இரண்டு தடவை உரக்கப் படிப்போம், பிள்ளைகளையும் படிக்க விடுவோம். எழுதுகிற நாம், ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு பள்ளிக்குப் போய், பேச்சைக் குறைத்துக்கொண்டு அவர்கள் சொல்வதைக் கேட்போம்.

இவற்றைவிடச் சிரமமான வேலை ஒன்று உண்டு. அதைச் செய்யாவிட்டால் மற்றவை நிலைக்காது. எஸ்.பி.எம். முடிவு வந்ததும் சிறந்த மாணவர்களுக்குப் பரிசளிப்பு விழா நடத்துகிறோம். இத்தனை ஏ எடுத்தவர்கள் மட்டும் வரலாம் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிடுகிறோம். பதினோராவது பாடமாக இலக்கியத்தை எடுத்து, ஓராண்டு முழுக்கச் சனிக்கிழமைகளைக் கொடுத்து, நாவலை மெய்யாகவே படித்து, பி வாங்கிய பிள்ளைக்கு அந்த மண்டபத்தில் இடமில்லை. அதன் தம்பி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்; அடுத்த ஆண்டு அவன் பாரத்தை நிரப்பும்போது நாம் வாய் திறக்கவே வேண்டியதில்லை, என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கே தெரிந்துவிடுகிறது.

அந்த அழைப்பிதழை மாற்றி அச்சடிப்போம். இலக்கியம் எழுதிய எல்லாப் பிள்ளைகளையும், என்ன மதிப்பெண் வாங்கியிருந்தாலும், பெயர் சொல்லி மேடைக்கு அழைப்போம். பரிசாக ஒரு நல்ல நாவலைக் கொடுப்போம், நாம் படித்த நாவலாகப் பார்த்துக் கொடுப்போம். இலக்கியத்தில் பி வாங்கினால் குடி முழுகிவிடாது என்று நம் வீடுகளில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், எடுப்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளைகளே பயமில்லாமல் முடிவு செய்துகொள்வார்கள்.